போட்ட அன்று வேலை செய்யும் தவறுகள்

சின்ன அலுவலக நெட்வொர்க்கில் நடக்கும் தவறுகள் முதல் நாளே காட்டிக்கொடுப்பதில்லை. கேபிளை மாட்டியதும் இணையம் வருகிறது, பிரிண்ட் வருகிறது, மாட்டியவர் காசு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். மூன்று மாதம் கழித்துத்தான் 'நேற்று வந்தது, இன்று வரவில்லை' என்ற புலம்பல் தொடங்கும். அதற்குள் யார் எதை மாட்டினார்கள் என்பது யாருக்கும் நினைவிருக்காது. பத்து இருபது பேர் வேலை பார்க்கும் இடங்களில் திரும்பத் திரும்பக் காணும் சில தவறுகள் இவை.

முதலிடம் இரண்டாவது ரவுட்டருக்கு. பின் அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று பரணில் கிடந்த பழைய ரவுட்டரை எடுப்பார்கள். முதல் ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்து இதன் லேன் துளையில் (உள்ளே இருக்கும் கருவிகளை மாட்டும் துளை) செருகுவார்கள். சிக்னல் முழுக் கோடு காட்டும். ஆனால் இப்போது அந்த நெட்வொர்க்கில் ஐபி முகவரி பங்கிட இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. காலையில் போட்ட கணினி, 'எனக்கு முகவரி வேண்டும்' என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். முந்திப் பதில் சொல்லும் பெட்டி தருவதை வாங்கிக்கொள்ளும். முதல் ரவுட்டர் முந்தினால் 192.168.1.34, கேட்வே (வெளியே போகும் வாசல்) 192.168.1.1, எல்லாம் சரி. பழைய ரவுட்டர் முந்தினால் 192.168.0.105, கேட்வே 192.168.0.1. அந்தப் பெட்டியின் வேன் துளையில், அதாவது இணையம் உள்ளே வரும் துளையில், எதுவும் மாட்டவில்லை, எனவே அங்கிருந்து வெளியே போக வழியே இல்லை. வைஃபை இணைந்திருக்கும், இணையம் இருக்காது. ரீஸ்டார்ட் செய்தால் சில நேரம் சரியாகும். அதனால்தான் எல்லாரும் பழியைக் கணினி மேல் போடுகிறார்கள்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' (ipconfig /all) கொடுத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். 'டிஹெச்சிபி சர்வர்' என்ற வரியைப் பாருங்கள்; முகவரி பங்கிடும் பெட்டிக்கு அதுதான் பெயர். வேலை செய்யும் கணினியில் ஒரு முகவரியும் வேலை செய்யாததில் வேறொன்றும் இருந்தால் விஷயம் இதுதான். ஐபி முகவரியே 169.254 என்று தொடங்கினால் கதை வேறு: எந்தப் பெட்டியும் பதில் சொல்லவில்லை. கேபிளையோ சுவிட்சையோ பார்க்க வேண்டும்.

சரிசெய்ய, பழைய ரவுட்டரைத் தனியாக ஒரு லேப்டாப்புடன் இணையுங்கள். அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். மறுபடி அந்த முகவரியில் உள்ளே போய் டிஹெச்சிபியை நிறுத்துங்கள். இந்த வரிசை முக்கியம். டிஹெச்சிபியை முதலில் நிறுத்திவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காது, செட்டிங்ஸ் பக்கத்துக்கே போக முடியாமல் முழிக்க வேண்டிவரும். பிறகு கேபிளை லேன் துளையில் மாட்டுங்கள், வேன் காலியாகவே இருக்கட்டும். புதிய ரவுட்டர்கள் பலவற்றில் 'அக்சஸ் பாயின்ட் மோட்' என்று ஒரே பொத்தான் உண்டு. இந்த வேலை முழுவதையும் அதுவே செய்துவிடும்.

பிரிண்டருக்கும் இதே வியாதி வரும். அதற்குக் கையால் 192.168.1.34 என்று முகவரி போட்டுவைப்பார்கள்; ஒரு நாள் ரவுட்டர் அதே முகவரியை யாருடைய போனுக்காவது கொடுத்துவிடும். ரவுட்டர் பங்கிடும் முகவரியின் கடைசி எண் வரம்பை 100 முதல் 199 வரை என்று வைத்துவிட்டு, பிரிண்டர், கேமரா, சர்வர் எல்லாவற்றுக்கும் 100-க்குக் கீழே முகவரி கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

கேபிளில் பணம் மிச்சம் பிடிப்பதைப் பற்றி ஒரே வார்த்தை. 1 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். நாலு கம்பி மட்டும் பிடித்தாலும் இணைப்பு வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ்தான். 200-க்குப் பணம் கட்டியும் வேகச் சோதனை 94, 95-லேயே நின்றுவிட்டால் இணைய நிறுவனத்துடன் சண்டைக்குப் போகும் முன் கேபிளின் ஆர்ஜே45 முனையைப் பாருங்கள்.

அடுத்தது கொஞ்சம் ஆபத்தானது. கணக்கு பார்ப்பவர் வீட்டிலிருந்தே டேலியைத் திறக்க வேண்டும் என்பார். ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை (எண் போட்ட கதவு மாதிரி) திறந்து அலுவலகக் கணினிக்குத் திருப்பிவிடுவார்கள். தொலைவிலிருந்தே கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் அன்றே வேலை செய்யும். ஆனால் அந்தக் கதவு கணக்கருக்கு மட்டும் திறந்ததல்ல, உலகத்துக்கே திறந்தது. இணையத்தின் முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. கதவைக் கண்டதும் பாஸ்வேர்டை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். போர்ட் எண்ணை 33890 என்று மாற்றிவிட்டால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். மொத்தமே 65,535 போர்ட்கள்தான், எல்லாவற்றையும் தட்ட நிரலுக்கு அலுப்பு தட்டாது. வழி ஒன்றுதான்: ரவுட்டரிலோ உள்ளே ஒரு சின்னக் கணினியிலோ வயர்கார்ட் போன்ற விபிஎன் (சாவி உள்ளவர் மட்டும் உள்ளே வரும் பூட்டிய வழி) போடுங்கள். சாவி இல்லாத பாக்கெட்டுக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது, தட்டுபவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது.

சிசிடிவி டிவிஆருக்கும் இது பொருந்தும். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது பெரிய வித்தை எதுவும் காட்டி அல்ல. தொழிற்சாலையில் வைத்த பெயரும் பாஸ்வேர்டுமாக அறுபது சொச்சம் ஜோடிகளை வைத்துக்கொண்டு முயன்று பார்த்தது, அவ்வளவுதான். ரவுட்டரில் யுபிஎன்பி என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை உள்ளேயிருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலே போர்ட் திறந்துகொள்ளலாம்.

கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் சர்வருக்குப் போனால் தப்பிக்கலாம் என்று பார்த்தால், அங்கேயும் அதே கதவு. யாரை உள்ளே விடுவது என்று சொல்லும் ஃபயர்வால் விதியில் 0.0.0.0/0 என்று எழுதினால் 'யார் வேண்டுமானாலும்' என்று பொருள். வலைத்தளத்தின் 443 போர்ட்டுக்கு அது சரி, வலைத்தளம் எல்லாருக்கும்தானே. எஸ்எஸ்ஹெச் வழியே சர்வருக்குள் போகும் 22-க்கும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் 3306-க்கும் அதையே எழுதுவது 'இப்போதைக்கு, சோதித்துப் பார்க்க' என்று தொடங்கும். அந்த 'இப்போதைக்கு' வருடக்கணக்கில் நிற்கும். எஸ்எஸ்ஹெச்சுக்கு உங்கள் முகவரியை மட்டும் /32 என்று கொடுங்கள். டேட்டாபேஸ் போர்ட்டை உங்கள் ஆப் ஓடும் சர்வருக்கு மட்டும் திறங்கள். கிளவுடைத் திறக்கும் ஆக்சஸ் கீ தவறி, நிரல்களைச் சேமித்து வைக்கும் பொது கிட்ஹப் ரெப்போவில் ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் (அடுத்த சேமிப்பில்) அழிப்பதால் பயனில்லை, பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். முதலில் கீயை ரத்து செய்யுங்கள், அழிப்பதெல்லாம் அப்புறம்.

கிளவுட் பில் விஷயத்தில் ஒன்று: சர்வரை நிறுத்தினால் மீட்டர் முழுவதும் நிற்காது. டிஸ்க்குக்கு வாடகை ஓடும். அமேசான் கிளவுடில் 2024 பிப்ரவரி 1 முதல் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர், மாதத்துக்குச் சுமார் 3.65 டாலர், நிறுத்திய சர்வருக்கென்று பிடித்துவைத்த நிலையான முகவரிக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக பேக்கப். கூகுள் டிரைவில் சிங்க் ஆகிறதே என்பது பதிலல்ல. பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் கோப்பைப் பூட்டினால் பூட்டிய கோப்புதான் மேலே ஏறும். எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் கூடவே பூட்டப்படும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்துபோனபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயின.

பேக்கப் எடுத்திருந்தாலும் அது திரும்ப வருமா என்பது தனிக் கேள்வி. 2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப்பின் பொறியாளர் ஒருவர், துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிக்கத் தொடங்கினார். சட்டென்று நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. தினசரி பேக்கப்பைத் தேடினால், அது ஓடவே இல்லை: டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸின் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. பேக்கப் தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் போலி மின்னஞ்சலைத் தடுக்கும் டிமார்க் சோதனையில் தள்ளுபடியாகி யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலையின் நகல்) கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

உங்கள் அலுவலகத்தில் இதைச் சோதிக்க ஒரு மதியம் போதும். கடைசி பேக்கப்பை, அது எடுக்கப்பட்ட கணினியில் அல்லாமல் வேறொன்றில் விரித்துப் பாருங்கள். டேலி திறக்கிறதா, நேற்றைய வவுச்சர் இருக்கிறதா, தொடங்கியதிலிருந்து முடியும்வரை எத்தனை நிமிடம் ஆனது என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, சர்வர் பெட்டியின் மேல் ஒட்டிவையுங்கள்.