கேட்காமல் எடுக்கும் முடிவுகள்: புது மாப்பிள்ளைகள் மரியாதையை இழக்கும் இடங்கள்

"வீட்டுல நமக்கு மரியாதையே இல்லப்பா" என்று கல்யாணமாகி ஓரிரு வருடத்திலேயே புலம்ப ஆரம்பிக்கும் ஆண்களிடம் கொஞ்சம் உட்கார்ந்து விசாரித்தால், கதை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். அவர் கத்தியிருக்க மாட்டார், கை ஓங்கியிருக்க மாட்டார். ஆனால் மனைவியையும் சேர்த்துப் பாதிக்கிற ஏதோ ஒன்றை அவளிடம் கேட்காமலேயே முடித்துவிட்டு, அப்புறம் செய்தியாகச் சொல்லியிருப்பார்; அல்லது சொல்லாமலே விட்டு, அது நாத்தனார் வாய் வழியாக அவள் காதுக்குப் போயிருக்கும். அடி உதை இருக்கிற வீடுகளைப் பற்றி இங்கே பேசவில்லை, அதற்கு 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் 181 என்ற உதவி எண்ணும் இருக்கின்றன. நான் சொல்வது, தங்கமான பையன் என்று ஊரில் பெயர் எடுத்தவர்கள் செய்கிற தவறுகள்.

முதலில் நகை. நம் ஊரில் அவசரத்துக்குப் பணம் என்றால் கை முதலில் போவது பீரோவுக்குத்தானே. கடையில் பணமுடை, தங்கை கல்யாணம், மனைக்கு அட்வான்ஸ், எதுவாக இருந்தாலும் "ரெண்டே மாசம், திருப்பிடலாம்" என்று ஆரமும் வளையலும் வங்கிக்குப் போய்விடும். முறையாகக் கேட்டால் நிறையப் பெண்கள் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். எப்போது மீட்பது, வட்டியை எதிலிருந்து கட்டுவது, முடியாமல் போனால் என்ன செய்வது என்ற பேச்சே இல்லாமல் எடுத்துப் போவதில்தான் வினை. ஒரு வருடம் ஓடும், வட்டியை மட்டும் கட்டி மறுபடியும் வைப்பார், ஒரு நாள் ஏல நோட்டீஸ் நேராக வீட்டுக்கே வந்து நிற்கும். அதற்குள் அவள் ஏதோ ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கவரிங் போட்டுக்கொண்டு போய், "எங்கடி உன் ஆரம்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருப்பாள், அதை உங்களிடம் சொல்லியிருக்கக்கூட மாட்டாள்.

சட்டமும் இதில் குழப்பமாக இல்லை. பெண்ணுக்குப் போட்ட நகை அவளுடைய ஸ்திரீதனம், கணவனுக்கோ அவன் பெற்றோருக்கோ அதில் பங்கு கிடையாது, அவர்கள் கையில் இருந்தால் அது நம்பி ஒப்படைத்த பொருள் மட்டுமே என்று பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. "பத்திரமா இருக்கட்டும்" என்று மாமியார் பீரோவில் வாங்கி வைத்த நகைக்கும் இதேதான். அடகு வைத்தே ஆக வேண்டும் என்றால் வையுங்கள், ஆனால் ரசீதும் மீட்கும் தேதியும் அவள் கையில் இருக்கட்டும்.

அடுத்தது ஜாமீன் கையெழுத்து. "மச்சான், சும்மா ஒரு கையெழுத்துதான்டா" என்று கூட்டாளி சொன்னதும் போட்டுவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. அவனை முதலில் கேட்டுவிட்டுத்தான் வங்கி உங்களிடம் வரவேண்டும் என்றில்லை, நேராக உங்களிடமே வரலாம். நட்புக்காகச் செய்தேன் என்று நீங்கள் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் வீட்டுக் கடனுக்கு நீங்களும் அவளுமாகச் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது பழைய ஜாமீன் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் எட்டிப்பார்க்கும், அவள் அதை வங்கி மேலாளர் எதிரில் உட்கார்ந்து முதல்முறையாகத் தெரிந்துகொள்வாள். அதன் பிறகு நீங்கள் எந்தப் பேப்பரை நீட்டினாலும் அவள் ரெண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள், போடவும் வேண்டும்.

பணத்தில் இன்னொரு சின்ன விஷயம், சின்னது என்பதாலேயே எல்லோரும் மறப்பது. வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த பி.எஃப் நாமினேஷன், அதாவது உங்களுக்குப் பிறகு அந்தப் பணம் யாருக்கு என்ற பதிவு, அப்படியே கிடக்கும். கல்யாணமானதும் புதிதாகக் கொடுக்க வேண்டும், இன்சூரன்ஸிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, அம்மாவுக்கு வருவோம். மாமியார் மருமகள் சண்டை என்று ஊர் சொல்கிற பலவற்றில் மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பார், பேப்பர் படித்துக்கொண்டு. "நீங்க ரெண்டு பேருமே பேசித் தீர்த்துக்குங்க, என்னை இழுக்காதீங்க" என்பதை நடுநிலை என்று அவர் நினைத்துக்கொள்கிறார். அந்த வீட்டில் இருபத்தைந்து வருடமாக இருப்பவர் அம்மா, நேற்று வந்தவள் இவள், இருவரையும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னால் யார் ஜெயிப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும். இதைவிட மோசம், தூது போவது: "அம்மா உன்னைக் காலையில சீக்கிரம் எழுந்திரிக்கச் சொன்னாங்க", அப்புறம் அங்கே போய் "அவளுக்கு இது பிடிக்கலையாம்மா". பேச்சைக் கடத்திவிட்டு இரண்டு பக்கமும் நல்லவராக இருக்கப் பார்த்தால், கடைசியில் இரண்டு பேருக்குமே உங்கள் வார்த்தையில் நம்பிக்கை போய்விடும். அம்மாவிடம் சொல்ல வேண்டியதை "எனக்கு இது வேண்டாம்மா, நாங்க ஞாயிற்றுக்கிழமை வெளியே போறோம்" என்று உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள். அவள் பெற்றோரிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அதை அவள் சொல்லட்டும். அவரவர் வீட்டுக்கு அவரவர்தான் வாய். முதல் தடவை அம்மா ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான் செய்வார், பெற்ற பிள்ளையிடம் வந்த கோபம் என்பதால் அது தானே இறங்கிவிடும். அதே பேச்சு மருமகள் வாயிலிருந்து வந்திருந்தால் பேரப்பிள்ளை கல்யாணம் வரைக்கும் ஓடும்.

வீட்டு வேலையைப் பற்றி எழுதினாலே "நானும் ஹெல்ப் பண்றேனே" என்று சிலர் வருவார்கள். மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் கொடுத்தார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த 97ம்கூட வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களின் சராசரிதான், நாட்டில் அப்படிப்பட்டவர்கள் அப்போது நாலில் ஒருவரே. ஆனால் என்னைக் கேட்டால் நிமிடக் கணக்கைவிட எரிச்சல் தருவது, "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்கிற பேச்சு. சொல்வதும் ஒரு வேலைதானே. எப்போது சிலிண்டர் தீரும், மாவு எத்தனை நாளைக்கு வரும், குழந்தைக்கு எந்தத் தேதியில் தடுப்பூசி, இதையெல்லாம் மண்டையில் சுமப்பது அவள், நீங்கள் கடைக்குப் போய்வரும் ஆள். காலை டிபனோ, காய்கறியும் மளிகையுமோ, ஏதாவது ஒன்றை முழுதாக உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி அவள் நினைக்கவே தேவையில்லாதபடி நடத்துங்கள். உப்புமா கொஞ்சம் கட்டியாகத்தான் வரும், பரவாயில்லை.

சண்டை வந்தால் வாயை மூடிக்கொள்வதைப் பொறுமை என்று நாம் பாராட்டி வளர்த்துவிட்டோம். தம்பதிகளைப் பல வருடம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், பேச்சின் நடுவே சுவர் மாதிரி ஆகிவிடுகிறவர்களில் சுமார் 85 சதவீதம் ஆண்கள் என்கிறார். அவர் சொல்லும் காரணம் திமிர் அல்ல. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது மண்டையில் ஏறாது, உடம்பு ஒதுங்கத்தான் பார்க்கும். அது அடங்குவதற்குக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். ஆகவே ஒதுங்குவதில் தப்பில்லை, "இப்ப என்னால பேச முடியல, சாப்பிட்டுட்டுப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்குங்கள், சொன்னபடி திரும்பியும் வாருங்கள். மூன்று நாள் முறைத்துக்கொண்டு, சாப்பாடு வேண்டுமா என்பதைக் குழந்தை மூலம் கேட்டு அனுப்புவது தண்டனை, அதை அவள் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

நாலு பேர் முன்னால் அவள் சமையலையோ உடம்பையோ ஊரையோ வைத்து ஜோக் அடிப்பதைப் பற்றி நிறைய எழுதத் தேவையில்லை. அவளும் சிரித்தாள் என்பார்கள். வேறு என்ன செய்வாள்?

கடைசியாக மாப்பிள்ளை முறுக்கு. மாமனார் வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு குழம்பில் குறை கண்டுபிடிப்பது, மைத்துனன் வண்டியில் அழைக்க வரவில்லை என்று சிணுங்குவது எல்லாம் போகட்டும் என்று விட்டாலும், தலை தீபாவளிக்கு மோதிரம் என்றும் பைக் என்றும் உங்கள் வீட்டார் கேட்கும்போது "பெரியவங்க விஷயம், நான் தலையிட முடியாது" என்று ஒதுங்குவதை விட முடியாது. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தில் கேட்பதே குற்றம், மறைமுகமாகக் கேட்டாலும் குற்றம், ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. அவள் அப்பா எந்தக் கடனை வாங்கி அந்த மோதிரத்தைச் செய்தார், அந்தக் கடன் எப்போது அடைந்தது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வேண்டாம் என்று உங்கள் அப்பா அம்மாவிடம் நீங்கள் சொல்ல வேண்டியது அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன், முடிந்தால் நிச்சயதார்த்தத்துக்கும் முன்.