செட்டிநாட்டுத் தெருக்களில் கைகொடுத்து ஓட்டுக் கேட்பது எப்படி?

வேட்பாளருக்கு முன்னால் தெருத் தெருவாக நடக்கிற வேலை எனக்கு. வாக்காளர் பட்டியல் என் பையில்தான் இருக்கும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் புதிதாக ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் முகப்பைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். பல வீடுகளில் அந்தத் தேக்குக் கதவு பூட்டியே கிடக்கும். வீட்டுக்காரர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார். இந்த ஊர்ப் பட்டியலில் பெயர் இருப்பது வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு. இங்கே வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. அதனால் மேளத்தையும் கூட்டத்தையும் முன்தெருவில் நிறுத்திவிட்டுப் பின்வாசலுக்கு வாருங்கள். அங்கேதான் ஆள் இருக்கும்.

பெண்களிடம் நீங்களாகக் கை நீட்ட வேண்டாம், கும்பிடுங்கள். திண்ணையில் ஆச்சி உட்கார்ந்திருந்தால் கீழே நின்றே நலம் விசாரியுங்கள். “உள்ளே வாங்க” என்று சொன்ன பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறலாம். சில அப்பத்தாக்கள் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பார்கள். குனிந்து கொடுங்கள். படமெடுப்பவருக்காக இன்னொரு தடவை செய்யச் சொல்லாதீர்கள், அசிங்கமாக இருக்கும்.

ஆண்களிடம் வயதைப் பார்த்து ஐயா, அண்ணே, தம்பி. சாதிப் பட்டத்தைச் சேர்த்துக் கூப்பிட வேண்டாம் என்பேன். கேட்டுக்கொண்டு பக்கத்தில் வேறொருவர் நிற்பார்.

வேலை செய்கிற கைகளைப் பிடிக்கத்தான் பக்குவம் வேண்டும். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அச்சை எடுக்கும் வரை ஓரமாக நில்லுங்கள், குறுக்கே போனால் கல் வீண். கையெல்லாம் சிமெண்டு என்று பட்டறைக்காரர் மணிக்கட்டை நீட்டுவார். அதைப் பிடித்தால் போதும். புதுவயல் அரிசி ஆலைகளில் தவிட்டுத் தூசு ஒட்டும். கைகொடுத்த கையோடு துண்டில் துடைத்தீர்களோ, சாயங்காலத்துக்குள் அது டீக்கடைப் பேச்சாகிவிடும். சந்தையில் தராசு பிடித்த கையைத் தொடவே தொடாதீர்கள்.

ஆரத்தி எடுத்தால் பொட்டு வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். தட்டில் நோட்டைப் போடுவதை யாராவது செல்போனில் பிடித்தால், ஓட்டுக்குப் பணம் என்று புகாராகும்.

துக்க வீடு என்றால் கட்சித் துண்டை வண்டியில் வைத்துவிட்டு ஒற்றை ஆளாகப் போங்கள். சின்னத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. நோட்டீஸ் கொடுக்கிற பையன் தெருமுனையிலேயே நிற்கட்டும்.

மோதிரத்தைக் காலையிலேயே கழற்றிவிடுங்கள், ஆள் ஆளுக்கு அழுத்தி விரல் வீங்கிவிடும். 1863 ஜனவரி 1 அன்று அமெரிக்க அதிபர் லிங்கன் மணிக்கணக்கில் கைகுலுக்கிவிட்டு அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தார், கை நடுங்கியது. எழுத்து கோணினால் மனம் தயங்கினார் என்பார்களே என்று சற்றுப் பொறுத்துத்தான் போட்டார். 1907 புத்தாண்டன்று இன்னொரு அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 8,513 பேருக்குக் கைகொடுத்தாராம்! நமக்கு அது வேண்டாம். வெயில் ஏறுமுன் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை போதும். கை வலித்தால் மறுநாள் கும்பிடு மட்டும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பொதுக்கூட்டம், ஊர்வலம் போன்ற பிரசாரத்தை நிறுத்திவிட வேண்டும். பதிவு நாளில் சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. பழக்க தோஷத்தில் வரிசையில் நிற்பவரிடம் கையை நீட்டிவிடாதீர்கள், எதிர்க்கட்சிக்காரர் அதற்காகவே காத்திருப்பார்.