"அடையாள நெருக்கடி" என்று எழுதுவதற்கு முன்: அமெரிக்க நாடகப் பெண்களைப் படிப்பதில் நேரும் தவறுகள்

"இவள் அடையாள நெருக்கடியில் தவிக்கிறாள்." எம்.ஏ. மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது இந்த வரியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. நாடகம் எதுவானாலும் இதே வரிதான், பெண்ணின் பெயர் மட்டும் மாறும். தவறு என்று அடிக்கவும் முடியாது, மதிப்பெண் போடவும் கை வராது. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளரால் பரவிய சொல் அது. நாம் படிக்கும் நாடகங்களில் சில, அந்தச் சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே மேடை ஏறியவை. அவற்றில் எந்தப் பெண்ணும் நடு மேடையில் நின்று "நான் யார்?" என்று கேட்பதில்லை. ஒரு விளக்கைத் தேடுகிறாள், முடியை வெட்டிக்கொள்கிறாள், பழைய உடையை இழுத்துக்கொண்டு வருகிறாள்.

அதனால் முதல் தவறே மனதைத் தேடிப் போய் கண்ணெதிரே இருக்கும் பொருளைக் கோட்டைவிடுவதுதான். டென்னசி வில்லியம்ஸின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' (1947) நாடகத்தில் பிளான்ஷ் டுபுவா ஒரு காகித விளக்குக்கூடு வாங்கி வருகிறாள். வெறும் பல்பின் வெளிச்சம் அவளுக்கு ஆகாது. மூன்றாம் காட்சியில், அவள்மேல் ஆசைப்படும் மிட்ச் அவளுக்காக அதை மாட்டிக் கொடுக்கிறான். ஒன்பதாம் காட்சியில், முகத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று அதே மிட்ச் அதைக் கிழிக்கிறான். கடைசிக் காட்சியில் அவள் தங்கை ஸ்டெல்லாவின் கணவன் ஸ்டான்லியின் முறை. "இதையும் எடுத்துக்கொண்டு போ" என்பதுபோல அதைப் பிய்த்து நீட்டுகிறான். அந்த இடத்தில் வில்லியம்ஸ் எழுதியிருக்கும் மேடைக்குறிப்பைப் படியுங்கள்: அந்த விளக்குக்கூடே அவள்தான் என்பதுபோல அலறுகிறாள். நாம் பத்துப் பக்கம் எழுதித் தேடுவதை அவரே ஒரு வரியில் போட்டுவிட்டார். ஆனால் மாணவர்கள் வசனத்தை அடிக்கோடிடுகிறார்கள், மேடைக்குறிப்பு அச்சாகும் சாய்வெழுத்தைத் தாண்டிப் போகிறார்கள்.

அப்புறம், படத்தைப் பார்த்துவிட்டு நாடகத்தைப் பற்றி எழுதுவது. நாடகத்தை முதலில் மேடையேற்றிய எலியா கசான்தான் 1951இல் வந்த படத்தையும் இயக்கினார். அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கத் தோன்றும். படத்தின் முடிவில் ஸ்டெல்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இனி ஸ்டான்லியிடம் போகப் போவதில்லை என்று மாடி வீட்டுக்கு ஏறிவிடுகிறாள். பிளான்ஷை வன்புணர்ந்த ஸ்டான்லிக்கு அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் கேட்டு வாங்கிய தண்டனை அது. நாடகத்திலோ ஸ்டெல்லா அழுகிறாள், ஸ்டான்லி சமாதானப்படுத்துகிறான், பக்கத்தில் சீட்டாட்டம் தொடர்கிறது. அக்காவையா, கணவனையா, யாரை நம்புவது என்ற கேள்விக்கு அவள் ஏற்கெனவே ஒரு பதிலைத் தேர்ந்துவிட்டாள். என்னைக் கேட்டால், இந்த நாடகத்தில் அதிகம் பேசப்படாத அடையாளச் சிக்கல் ஸ்டெல்லாவுடையதுதான்.

உண்மைச் சம்பவத்தைக் கதைச்சுருக்கமாக எடுத்துக்கொள்வது இன்னொரு வழுக்கல். ஸோஃபி டிரெட்வெல்லின் 'மஷினல்' 1928 செப்டம்பரில் பிராட்வேயில் மேடை ஏறியது. கணவனைக் கொன்றதற்காக ரூத் ஸ்னைடர் அதே ஆண்டு ஜனவரியில் மின்சார நாற்காலியில் இறந்திருந்தாள். கூட்டாளியான காதலனுக்கும் அன்றே தண்டனை நிறைவேறியது. ஆகவே இது ஸ்னைடர் வழக்கின் கதை என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். டிரெட்வெல் எதை மாற்றினார் என்று பார்க்க வேண்டாமா? நாடகத்தில் காதலன் கொலையில் இல்லை. அவன் மெக்சிகோவில் பத்திரமாக இருக்கிறான், அவன் அனுப்பும் வாக்குமூலம்தான் கணவனைக் கொன்ற நாயகியைச் சிக்கவைக்கிறது. பாத்திரப் பட்டியலில் அவள் வெறும் 'இளம்பெண்'. ஹெலன் ஜோன்ஸ் என்ற பெயர் நீதிமன்றத்தில்தான் முழுதாக வெளிவருகிறது. அதிலும் ஜோன்ஸ், அவள் கொன்ற கணவனின் பெயர்.

அதே நீதிமன்றக் காட்சியில் ஒரு கேள்வி வருகிறது: விடுதலைதான் வேண்டுமென்றால் விவாகரத்து செய்திருக்கலாமே? அய்யோ, அவரை அப்படிப் புண்படுத்த என்னால் முடியாது என்கிறாள். வகுப்பில் இந்த இடம் வந்தால் சிரிப்பு எழும். சிரிக்கட்டும். அடுத்த நிமிடம் அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கும். நல்ல பெண் என்ற பாடம் கொலைக்குப் பிறகும் அவளிடமிருந்து கழலவில்லை.

இப்செனின் 'எ டால்ஸ் ஹவுஸ்' நாடகத்தில் கணவன் வீட்டை விட்டு வெளியேறும் நோராவை அளவுகோலாக வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனாளா இல்லையா என்று பார்ப்பதும் இங்கேதான் உடைகிறது. இந்தப் பெண்களில் பலருக்குக் கதவு இருக்கிறது, போவதற்கு ஓர் இடம் இல்லை. சூசன் கிளாஸ்பெல்லின் 'டிரைஃபிள்ஸ்' (1916) நாடகத்தில் மின்னி மேடைக்கே வருவதில்லை. ஆண்களுக்கு அவள் திருமதி ரைட், கணவனைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்படுபவள். பக்கத்துப் பண்ணையின் திருமதி ஹேலுக்கோ, பாட்டுக் குழுவில் பாடிய மின்னி ஃபாஸ்டர். யார் எந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள், நாடகம் தானாகத் திறக்கும்.

எல்லாப் பெண்களையும் 'பெண்' என்ற ஒரே மூட்டையில் கட்டுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்ஸின் இன் த சன்' (1959) நாடகத்தில் பெனீத்தா மருத்துவம் படிக்க நினைக்கும் கறுப்பினப் பெண். நைஜீரிய நண்பன் அசகாய் சுருளை நேராக்கிய அவளது முடியைக் கிண்டல் செய்ய, வெட்டிவிட்டு இயல்பான சுருள்முடியோடு வருகிறாள். முதல் பிராட்வே தயாரிப்பில் அந்த முடிக் காட்சி நீக்கப்பட்டது, பிந்தைய பதிப்புகளில்தான் திரும்ப வந்தது. அவளது சிக்கலை பிளான்ஷுடையதோடு ஒரே பத்தியில் போட்டால், தலைமுடி வெறும் தலைமுடியாகிவிடும்.

கடைசியாக, நோயின் பெயரைச் சொல்லி ஃபைலை மூடுவது. யூஜின் ஓநீலின் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' அவர் இறந்தபின், 1956இல் வெளிவந்தது. அதன் மேரி டைரோனைப் பற்றி "மார்ஃபினுக்கு அடிமை" என்று எழுதினால் பிழையில்லை. ஆனால் அவள் கடைசியாக உள்ளே வருவதைப் பாருங்கள். முடி சிறுமியைப்போலப் பின்னியிருக்கிறது. கல்யாண கவுன் தரையில் இழுபடுகிறது. மிதித்துக் கிழித்துவிடுவாய் என்று கணவர் மெல்ல வாங்கிக்கொள்கிறார். முகமறியாத பெரியவருக்குச் சொல்வதுபோல, நன்றி, நீங்கள் மிகவும் அன்பானவர் என்கிறாள். பரணில் பெட்டிக்குள் கிடைத்தது, எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை, நான் கன்னியாஸ்திரீ ஆகப் போகிறேனே என்கிறாள். பிறகு எதையோ தொலைத்தவள்போல அறையைச் சுற்றித் தேடுகிறாள். கவுன் கணவரின் கையிலேயே இருக்கிறது.