மலையில் ஓடும் பழைய பைக்குக்கு ஜெட் மாற்றலாமா?

கித்துல்கல தாண்டிக் கினிகத்தேனை ஏற்றம் தொடங்கினால் என் பழைய ஹொண்டா 125 மூன்றாம் கியரிலேயே திணற ஆரம்பித்துவிடும். மாதம் ஒரு தடவை அவிசாவளையில் மகளைப் பார்த்துவிட்டுத் தலவாக்கலைக்கு ஏறி வருவேன். பின்னால் வரும் பஸ்காரன் ஹோர்ன் அடித்தே உயிரை எடுப்பான். கராஜ் பையன்கள் சொன்ன மருந்து ஒன்றுதான்: “ஜெட்டப் பெரிசாப் போடுங்கண்ணே, இழுக்கும்.” (ஜெட் என்பது காபரேட்டருக்குள் பெற்றோலை அளந்து விடும் சின்ன ஓட்டைத் துண்டு.)

நான் தேயிலை ஸ்டோரில் மெஷின் பார்க்கிறவன். கழற்றிப் பார்க்காமல் எதையும் மாற்ற மனம் வராது. காபரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, மெயின் ஜெட்டை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். 110 என்று வெட்டியிருந்தது. இருக்க வேண்டியது 100. எனக்கு முன் வைத்திருந்தவர் பெட்டியில்லாத ஓப்பன் ஃபில்டர் போட்டு, அதற்காகப் பெரிய ஜெட்டும் மாட்டி ஓடியிருக்கிறார். விற்கும்போது பழைய ஃபில்டர் பெட்டியைத் திரும்ப மாட்டியவர், ஜெட்டை மறந்துவிட்டார்.

என் காபரேட்டர் கெய்ஹின் கம்பனியுடையது. கெய்ஹின் ஜெட்டில் 100 என்றால் ஓட்டை ஒரு மில்லிமீட்டர், 110 என்றால் 1.1. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஓட்டையின் பரப்பு 21 சதவீதம் கூடிவிடுகிறது. (மிக்குனி என்ற மற்றக் கம்பனி ஜெட்டின் எண்ணை இதோடு ஒப்பிடாதீர்கள், அது வேறு கணக்கு.) பெரிய ஜெட் வேண்டும் என்று அலைந்த எனக்கு, ஏற்கெனவே இருந்ததே பெரிசு.

மலை கேட்பதும் பெரிய ஜெட்டை அல்ல. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 83 சதவீதம்தான். பெற்றோல் அதே அளவுக்குக் குறைவதில்லை. அதனால் கலவை பத்து சதவீதம் போல ரிச் ஆகிவிடும், அதாவது காற்றுக்குப் பெற்றோல் கூடிவிடும். வண்டி எந்நேரமும் நுவரெலியாவிலேயே ஓடுகிறது என்றால் 100-க்குப் பதில் 95 போடுவது நியாயம். தலவாக்கலை, ஹட்டன் உயரத்துக்கு அந்தக் குறைப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தேவை. பல வண்டிகளில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஜெட்டைத் தொடுமுன் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நம் பனிக்கும் தோட்டத்து ரோட்டுத் தூசுக்கும் அது அடைத்திருந்தால் ரிச் ஆன மாதிரியேதான் வண்டி நடக்கும். புது பிளக், வால்வின் டெப்பட் இடைவெளி, காபரேட்டர் மிதவையின் மட்டம், சோக் முழுதாகத் திறக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பழைய வண்டியில் காபரேட்டர் ஊசியும் அது இறங்கும் குழாயும் தேய்ந்தால், நடு எக்ஸிலேட்டரில் மட்டும் பெற்றோல் கூடும். அதற்கு மெயின் ஜெட்டை மாற்றிப் பயனில்லை.

எக்ஸிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கால்வரை பைலட் ஜெட் என்ற சின்ன ஜெட், முக்கால்வரை ஊசி, அதற்கு மேல்தான் மெயின் ஜெட். வண்டி எந்தக் கோட்டில் திணறுகிறது? அரையில் ரிச் ஆகித் திணறுகிறது என்றால் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுங்கள். ஊசி இறங்கும், கலவை லீன் ஆகும் (பெற்றோல் குறையும்), காசும் செலவில்லை. முழுதாகத் திருகும்போது திணறினால் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். நன்றாக இழுத்தால் லீன், இன்னும் மோசமானால் ரிச். நேர் ரோடு தேடி மினக்கெட வேண்டாம், இங்கே அது கிடைக்காது. மூன்றாம் கியரில் ஒரு ஏற்றம் போதும். ஏற்றத்தின் முடிவில் கிளட்சைப் பிடித்து என்ஜினை நிறுத்தி, ஓரமாக நின்று பிளக்கைக் கழற்றுங்கள். என்னுடையது அடுப்புக்கரி மாதிரி இருந்தது, அதாவது ரிச். தேயிலைச் சாய நிறத்தில் இருந்தால் ஒன்றையும் தொடாதீர்கள்.

என்னைப் போல அவிசாவளை வரை இறங்குகிறவர்கள் மேலே சரியாக இருக்கிறது என்று ஜெட்டை ரொம்பச் சின்னதாக்கக் கூடாது. கீழே காற்று கனம், கலவை லீன் ஆகும், என்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடிக்கும். நான் 100-ஐப் போட்டேன், அதற்குக் கீழே போகவில்லை. ஓப்பன் ஃபில்டரோ வேறு சைலன்சரோ போட்டவர்களுக்குத்தான் பெரிய ஜெட் பற்றிய பேச்சே. அதுவும் ஒவ்வொரு அளவாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பார்த்து. ஓட்டையில் கம்பி விட்டுப் பெரிதாக்கும் கைவேலை வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும்: மலையில் குறைந்த காற்றை எந்த ஜெட்டும் திருப்பித் தராது. இழுவை இன்னும் வேண்டுமானால் முன் ஸ்ப்ரொக்கெட்டில் ஒரு பல் குறையுங்கள். எனக்குக் கினிகத்தேனை ஏற்றத்தில் மிச்சமிருந்த குறையைத் தீர்த்தது அதுதான்.

கழற்றிய ஜெட்டை ஒரு துண்டு டேப்பில் சுற்றி, எண்ணை எழுதி, டூல்ஸ் பெட்டிக்குள் போட்டுவையுங்கள். வண்டி கை மாறினால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.