டர்பனில் துள்ளியது, லெனேசியாவில் திணறியது

டர்பன் கடற்காற்றில் துள்ளி ஏறும் என் ரிமோட் கண்ட்ரோல் பயிற்சி விமானம், லெனேசியாவில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனபோது புல்லைவிட்டு எழும்பவே யோசித்தது. "மாமா, மோட்டார் போச்சா?" என்றான் அக்கா மகன். மோட்டாருக்கு ஒன்றுமில்லை. லெனேசியா இருக்கும் ஜோகன்னஸ்பர்க் வட்டாரம் 1,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. புரொப்பெல்லருக்குப் பிடிமானம் போதவில்லை, அவ்வளவுதான்.

அவனை வாலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளக்கும் வாட் மீட்டர் மாட்டி முழு த்ராட்டில் (முழு வேகம்) கொடுத்தேன். டர்பனில் 32 ஆம்பியர் இழுத்த 10-க்கு 5 அங்குல (விட்டம் 10, ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரமான பிட்ச் 5) புரொப்பெல்லர் இங்கே 28-ஐத் தாண்டவில்லை. 11-க்கு 5 மாட்டியதும் 35 வந்தது. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி தாங்குவது 40 ஆம்பியர், அதனால் சரி. ஆனால் மெல்லிய காற்று சூட்டையும் அவ்வளவாக வாங்கிக்கொள்ளாது. மூக்கில் காற்று நுழையும் துளை போதும்; வெளியேறும் துளைதான் அதைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. அடிப்பக்கத்தில் கத்தியால் வெட்டிப் பெரிதாக்கினேன்.

இறக்கும்போது கொஞ்சம் கூடுதல் வேகத்திலேயே வாருங்கள். ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம், அங்கே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. அப்புறம், டர்பன் திரும்பியதும் முதல் வேலையாகப் பழைய 10 அங்குலத்தை மாட்டிவிடுங்கள். கடல்மட்டத்தில் 11 அங்குலம் 40 ஆம்பியரைத் தொட்டுவிடும், ஈஎஸ்சி புகைந்துவிடும்.