பரீட்சைக்காகப் பந்தைப் பரணில் போடாதீர்கள்

சென்னை வியாசர்பாடியில் மாலை வகுப்பு நடத்துகிறேன். பொங்கல் முடிந்ததும் பிளஸ் டூ பிள்ளைகள் ஆண்டுதோறும் அதே தவறுகளில்தான் போய் விழுகிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு, செல்போனைக் குறை என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

விளையாட்டை நிறுத்துவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. நடக்கப் பழகியதுமே பந்தை உதைக்கும் பிள்ளைகள் எங்கள் பகுதிப் பிள்ளைகள். மார்ச்சில் பொதுத்தேர்வு என்றதும் முதலில் பறிபோவது அந்தப் பந்துதான்.

ஒரு மாணவனின் ஷூவை அவன் அம்மா பரணில் ஏற்றிவிட்டார். ஒற்றை அறை வீடு. அப்பா நைட் ஷிப்ட் முடிந்து தூங்குவார். தங்கை சத்தமாக ஒப்பிப்பாள். இவன் மூலையில் புத்தகத்தோடு கிடப்பான். சில நாள் கழித்து அவன் உயிரியல் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரே பத்திக்கு அடியில் மூன்று வண்ணத்தில் கோடு. என்ன படித்தாய் என்றால் பதில் இல்லை. தூக்கமும் இல்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான்.

“அக்கா, ஷூவை இறக்கிக் கொடுங்கள்” என்றேன். “மார்க் போய்விடுமே சார்” என்றார். மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் என்று பேசி முடித்தோம். முதலில் தூக்கம் திரும்பியது. பிறகு வகுப்பில் வாய் திறந்து சந்தேகம் கேட்டான்.

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் நன்றாக இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பரீட்சை மாதத்துக்கு அதில் விலக்கு இல்லை. தோற்றவன் தோளில் கைபோட மைதானத்தில் ஆள் இருக்கிறது. மறுநாள் அவனே மறுபடி ஆட வருகிறான். தோல்வியைத் தாங்கும் பழக்கம் அங்கேதான் வருகிறது. மாணவிகளுக்கு அந்த மைதானமும் கிடைப்பதில்லை. மொட்டை மாடியில் தோழியோடு நடக்கும் அரை மணி நேரத்தையாவது பெற்றோர் விட்டுவைக்க வேண்டும்.

விடிய விடியப் படிப்பது

வேண்டாம். படித்தது மனத்தில் பதியத் தூக்கம் வேண்டும். இந்த வயதுக்கு 8 மணி நேரமாவது தேவை.

மதிப்பெண்ணை மறைப்பது

அன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள். தவறிய பாடத்துக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு.

“நானே சமாளித்துக்கொள்வேன்”

சோர்வும் அழுகையும் இரண்டு வாரம் தாண்டினால் உதவி கேளுங்கள். செத்துவிடலாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். 14416, டெலி மனாஸ் என்னும் அரசு மனநல உதவி எண்: 24 மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். நேரில் போக ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், கூட வருகிறேன்.