மைலோவில் மாத்திரை கலக்கலாமா? பினாங்கில் குடும்பக் குழு நடத்தும் முறை

ஸ்கிட்ஸோஃப்ரினியா போன்ற மனநோய் உள்ளவரை வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் கூடிப் பேச ஐந்திலிருந்து எட்டுக் குடும்பம் போதும். அதற்கு மேல் சேர்ந்தால் பாதிப் பேர் வாயே திறக்காமல் வீடு திரும்புவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். நடத்த இருவர்: ஒருவர் பேச்சை நகர்த்த, மற்றவர் எழுத. ஒருவராவது மனநலத் துறையில் பயிற்சி பெற்றவராக இருந்தால் நல்லது.

கோயில் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் வாசலிலேயே "யாருக்கு முடியல?" என்று நாலு பேர் விசாரிப்பார்கள். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை போதும், பெயர்ப்பலகை வேண்டாம். பெருநிலப் பக்கம் இருக்கும் பட்டர்வொர்த்காரர்களைப் பாலம் கடந்து தீவிலுள்ள ஜெலுத்தோங் வரச் சொன்னால் மூன்றாம் கூட்டத்தோடு நின்றுவிடுவார்கள்.

முதல் 15 நிமிடம் தேத்தண்ணீரும் ஊர்க்கதையும், நோய்ப்பேச்சு கூடாது. அடுத்த 20 நிமிடம், இந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று ஆளுக்குச் சில வார்த்தை. ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முழுதாக 45 நிமிடம். கடைசி ஐந்து மறுபடி பொதுப்பேச்சு. அந்த 45 நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் புலம்பல்தான் மிஞ்சும்.

"மருந்து சாப்பிட மாட்டேங்கிறான்" என்று ஓர் அம்மா சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோன்றும் யோசனைகளையெல்லாம் விமர்சிக்காமல் தாளில் எழுதுங்கள். "மைலோவில் பொடித்துக் கலக்குங்க" என்று கட்டாயம் ஒருவர் சொல்வார். அதையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றாக நல்லது கெட்டது பாருங்கள். சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே பயப்படும் பிள்ளை, கோப்பை அடியில் வெள்ளைப் பொடியைப் பார்த்தால் என்ன ஆகும்? இனி அம்மா கொடுக்கும் தண்ணீரைக்கூடத் தொடமாட்டான். சில மாத்திரைகளைப் பொடிக்கவும் கூடாது.

ஏன் மறுக்கிறான்? மருந்தால் கால் ஓயாமல் துடிக்கிறதா, பகலெல்லாம் தூக்கமா, எடை ஏறுகிறதா? தேதி போட்டுக் குறித்து டாக்டரிடம் காட்டலாம். மாத்திரைக்குப் பதில் மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்கலாம். எதைச் செய்வது என்று முடிவெடுக்க வேண்டியது அந்தக் குடும்பம்தான், குழு அல்ல. அடுத்த கூட்டத்தில் முதலில் அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

செய்வினை, பரிகாரம் என்று பேச்சு வந்தால் வாதாடாதீர்கள். பூஜை நடக்கட்டும், மருந்து நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

முதல் நாளே ஒரு துண்டுத்தாள் கொடுங்கள்: ஆபத்துக்கு 999, மலேசிய சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. வாட்ஸ்அப் குழுவில் நோயாளியின் பெயரும் படமும் வேண்டாம். அந்த ஃபோனை அவரும் எடுத்துப் பார்ப்பார்.